கற்பூரவல்லி கிருமியைக் கொல்லுமா? வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல, ஓமவல்லின்னும் சொல்ற கற்பூரவல்லியோட எண்ணெய் லேப்ல நிறைய பாக்டீரியாவையும் பூஞ்சையையும் வளர விடாம தடுக்குதுன்னு நாலு வரி எழுதியிருந்தேன். அதுக்கு வந்த கடிதமும் வாட்ஸ்அப் மெசேஜும் குவிஞ்சு போச்சு, அதனால இந்த இதழ் முழுக்க அதுக்கே. நான் மைக்ரோபயாலஜி பாடம் எடுக்கறவ, வைத்தியம் பாக்கறவ இல்ல, அத மனசுல வச்சுக்கிட்டு படிங்க.

மேடம், எம் பையனுக்கு ஆறு வயசு. மழை ஆரம்பிச்சாலே சளி இருமல் வந்துரும். மாமியார் கற்பூரவல்லி இலைய தணல்ல வாட்டி சாறு புழிஞ்சு தேன் கலந்து குடுப்பாங்க, நாலஞ்சு நாள்ல சரியாயிரும். நீங்க எழுதினத பாத்தா அந்த சாறு கிருமிய கொல்லுதுன்னு தானே அர்த்தம்? அப்ப ஆன்டிபயாடிக்கே தேவையில்லையா?
– வாசகி, தென்காசி

மாமியார் குடுக்கறத நிறுத்த வேண்டாம்மா, ஆறு வயசுப் பிள்ளைக்கு அது ஒண்ணும் பண்ணாது, இதமாத்தான் இருக்கும். ஆனா அது வேலை செய்யற விதம் நீங்க நினைக்கறது இல்ல.

பிள்ளைங்களுக்கு மழைக்காலத்துல வர்ற சளியில பெரும்பாலானது வைரஸால வர்றது. அது நாலஞ்சு நாள் இருந்துட்டு, சில சமயம் பத்து நாள் கூட இழுத்துட்டு, உடம்போட எதிர்ப்பு சக்தியாலயே போயிரும். ஆன்டிபயாடிக் வைரஸை ஒண்ணுமே செய்யாது, அதனால அந்த சளிக்கு ஆன்டிபயாடிக் தேவைப்படலைங்கறது சரிதான், ஆனா சாறு கிருமிய கொன்னதால தேவைப்படாம போகல, முதல்லயே தேவையில்லாத இடம் அது. சாறு என்ன பண்ணுதுன்னா தொண்டைக்கு ஒரு கதகதப்பு, அந்த காரமான வாசனை, தேனோட வழவழப்பு, இதெல்லாம் சேர்ந்து இருமல கொஞ்சம் அடக்குது, பிள்ளை ராத்திரி தூங்குது. ஒரு வயசுக்கு மேல உள்ள பிள்ளைங்களுக்கு தேன் இருமல குறைக்கறத ஆராய்ச்சிலயும் பாத்திருக்காங்க. அம்மாவுக்கும் பிள்ளைக்கும் அந்த ராத்திரித் தூக்கம் எவ்ளோ பெரிய விஷயம்னு எனக்கு தெரியும், அத நான் குறைச்சு சொல்லவே இல்ல.

கிருமிய கொல்ற சரக்கு அந்த இலையில இருக்கறது எண்ணெயிலதான். கார்வாக்ரால், தைமால்னு ரெண்டு பொருள், ஓமத்துல வர்ற அதே வாசனைக்கு காரணம் இந்த தைமால். இலைய வெளிச்சத்துக்கு நேரா பிடிச்சு உத்துப் பாருங்க, மேல பூரா மெல்லிசா முடி மாதிரி இருக்கும், அதுல சிலது எண்ணெய் சுரப்பி, விரல் பட்டதும் உடைஞ்சு வாசனை வர்றது அதுலேர்ந்துதான். ஆனா இந்த இலை தடிமனா இருக்கறது பூரா தண்ணி. ஒரு கிலோ பச்சை இலைய காய்ச்சி வடிச்சா ஒரு டீஸ்பூன் எண்ணெய் கூட தேறாது. அப்படின்னா நாலு இலைச் சாறுல எவ்ளோ இருக்கும்னு நீங்களே பாத்துக்கங்க. அந்த கொஞ்சமும் வயித்துக்குள்ள போன உடனே குடலும் ஈரலும் அத மாத்திடும், தைமால் குடுத்து மனுஷங்க ரத்தத்துல தேடிப் பாத்தப்ப தைமாலா கிடைக்கல, சல்ஃபேட் சேர்ந்த வேற ரூபத்துலதான் கிடைச்சுது. நுரையீரல்ல இருக்கற ஒரு பாக்டீரியாவ போய் கொல்ற அளவுக்கு அது ரத்தத்துல நிக்கறதே இல்ல.

அதனால பிள்ளை வேகமா மூச்சு வாங்குது, மூச்சு இழுக்கறப்ப விலா உள்ள ஒடுங்குது, காய்ச்சல் மூணு நாளைக்கு மேல விடல, தண்ணி கூட குடிக்காம துவண்டு கிடக்குதுன்னா சாறு குடுத்துட்டு காத்திருக்கக் கூடாதும்மா, உடனே டாக்டர்கிட்ட. அங்க ஆன்டிபயாடிக் வேணுமா வேண்டாமான்னு அவங்க சொல்லட்டும்.

மேம், நான் எம்.எஸ்சி. ரெண்டாம் வருஷம். ப்ராஜெக்ட்டுக்கு கற்பூரவல்லி எடுத்தேன். தண்ணி எக்ஸ்ட்ராக்ட் (இலைய ஊற வச்சு எடுத்த சாரம்) போட்டா கிருமி வளக்கற தட்டுல ஒண்ணுமே வரல, எத்தனால் எக்ஸ்ட்ராக்ட் போட்டா ஸ்டாஃப் பாக்டீரியா மேல நல்லா ஜோன் (கிருமி வளராத வட்டம்) வருது, சூடோமோனாஸ் பாக்டீரியா மேல எதுவுமே வரல. எண்ணெய் போட்டா ஒரு தடவ பெருசா வருது இன்னொரு தடவ சின்னதா வருது. எங்க தப்பு பண்றேன்?
– மாணவர், கோவை

தப்பே பண்ணல தம்பி, செடி உங்களுக்கு உண்மையத்தான் சொல்லுது. இந்த கேள்விய படிச்சு எனக்கு ரொம்ப சந்தோஷம், ஏன்னா ஜோன் வரலன்னா அந்த தட்ட தூக்கிப் போட்டுட்டு வந்தத மட்டும் எழுதற பழக்கம் நிறைய இடத்துல இருக்கு.

தண்ணியும் எண்ணெயும் ஒட்டாது, அதுல இருந்தே ஆரம்பிங்க. தண்ணியில ஊற வச்சா ரோஸ்மரினிக் ஆசிட், சர்க்கரை, சில ஃப்ளேவனாய்டு இதெல்லாம் இறங்கும், கார்வாக்ராலும் தைமாலும் ரொம்ப கொஞ்சம்தான் இறங்கும். அதுலயும் நீங்க கொதிக்க வச்சிருந்தீங்கன்னா அந்த கொஞ்சமும் ஆவியோட போயிருக்கும், லேப் பூரா மணத்துச்சுன்னா மருந்து காத்துல போயிட்டுதுன்னு அர்த்தம். எத்தனால் ரெண்டு வகையையும் இழுக்கும், அதனால அது வேலை செய்யுது. ஹெக்ஸேன் போட்டா மெழுகும் எண்ணெயும் வரும். ஆக ஒரே இலையிலேர்ந்து மூணு கரைப்பானுக்கு மூணு வேற வேற சரக்கு. "கற்பூரவல்லி எக்ஸ்ட்ராக்ட்"னு மொட்டையா தீசிஸ்ல எழுதாதீங்க, எதுல ஊற வச்சது, எத்தனை மணி நேரம், காய்ஞ்ச இலையா பச்சையா, எல்லாம் எழுதுங்க.

சூடோமோனாஸ் விஷயம். பாக்டீரியாவ அதோட சுவர வச்சு கிராம் பாசிட்டிவ், கிராம் நெகட்டிவ்னு ரெண்டா பிரிப்பாங்க. ஸ்டாஃபிலோகாக்கஸ் கிராம் பாசிட்டிவ், அதோட செல் சவ்வுக்கு வெளிய தடிச்ச பெப்டிடோகிளைக்கான் சுவர் இருக்கு, ஆனா அது சல்லடை மாதிரி, இந்த சின்ன மூலக்கூறுங்க சுலபமா உள்ள போயிடும். போய் சவ்வோட கொழுப்புல கரைஞ்சு அத லூஸ் ஆக்கும், உள்ள இருக்கற பொட்டாசியம் வெளிய கசியும், செல்லோட சக்தியான ஏடிபி இறங்கும், செல் செத்துப் போகும். கிராம் நெகட்டிவ்க்கு வெளிய இன்னொரு சவ்வு இருக்கு, லிப்போபாலிசாக்கரைடு பூசினது, அது கொழுப்புல கரையற பொருள சுலபமா விடாது. ஈ.கோலையாவது கார்வாக்ராலுக்கு ஓரளவு அடங்கும். சூடோமோனாஸ் அதுக்கும் மேல, உள்ள வந்தத வெளிய தள்றதுக்கு எஃப்ளக்ஸ் பம்ப் வச்சிருக்கு, ஆஸ்பத்திரில பெரிய பெரிய ஆன்டிபயாடிக்கையே சமாளிக்கற கிருமி அது. உங்க எக்ஸ்ட்ராக்ட் அதுகிட்ட தோத்தது ஒரு ரிசல்ட், அத எழுதுங்க.

எண்ணெய் ஜோன் ஏன் ஏறி இறங்குதுன்னா, டிஸ்க் டிஃப்யூஷன் முறையே தண்ணில கரையற ஆன்டிபயாடிக்குக்காக வந்தது. 6 மில்லிமீட்டர் காகித வட்டத்துலேர்ந்து மருந்து அகார்க்குள்ள, அதாவது தட்டுல இருக்கற ஜெல்லிக்குள்ள பரவணும், எண்ணெய் அகார்ல பரவ மாட்டேங்குது, மேலாப்புல ஓடுது இல்லன்னா ஆவியாகி மூடிக்குள்ள சுத்துது. பக்கத்துல வச்ச டிஸ்க்கையும் அந்த ஆவி பாதிக்கும். அதனால மில்லிமீட்டர வச்சு இது ஆம்பிசிலின்ங்கற ஆன்டிபயாடிக்கை விட பெட்டர்னு எழுதறது செல்லாது, சின்ன ஜோன் குடுத்த பொருள் உண்மையில வீரியமானதா இருக்கலாம், பரவாம போயிருக்கலாம். ப்ராத்ங்கற திரவத்துல கிருமிய வளத்து எம்ஐசி பாருங்க, அதாவது கிருமி வளராம நிக்கறதுக்கு குறைஞ்சது எவ்ளோ வேணும்னு. எண்ணெய கரைக்க ட்வீனோ டிஎம்எஸ்ஓவோ போடறீங்கன்னா அது மட்டும் போட்ட ஒரு கண்ட்ரோல் கட்டாயம் வைங்க.

எம்ஐசி வந்த பிறகு நம்பரை நேர்மையா பாருங்க. ஒரு ஆன்டிபயாடிக் அதுக்கு அடங்கற கிருமிய மில்லிக்கு ஒண்ணு ரெண்டு மைக்ரோகிராம்ல, சிலது அதுக்கும் கீழ நிறுத்திடும். செடி எக்ஸ்ட்ராக்ட் பல நேரம் மில்லிக்கு நூத்துக்கணக்குல, ஆயிரக்கணக்குல மைக்ரோகிராம் கேக்கும். 100க்கு கீழ வந்தா மேல போய் பாக்கலாம், 1000த்த தாண்டினா பலவீனம்னு இந்த துறையில பலரும் வச்சிருக்கற கணக்கு. உங்க நம்பர் 2000 வந்தாலும் வெக்கப்பட வேண்டாம், ஆனா தலைப்புல "பவர்ஃபுல்"னு போடாதீங்க, அவ்ளோதான்.

ஆன்லைன்ல கற்பூரவல்லி எசன்ஷியல் ஆயில்னு சின்ன பாட்டில் வாங்கினேன். தினமும் வெந்நீர்ல ரெண்டு சொட்டு குடிச்சா குடல் கிருமி எல்லாம் போயிரும்னு ஒரு வீடியோல சொன்னாங்க. குடிக்கலாமா?
– வாசகர், சென்னை

குடிக்காதீங்க. இலை வேற, எண்ணெய் வேற. சாம்பார்ல போடற இலையில இருக்கற பொருள் அப்படியே பாட்டில்ல செறிவா இருக்கு, தண்ணில அது கரையாம மிதக்கும், மிதக்கற சொட்டு நேரா உதட்டுலயும் தொண்டையிலயும் போய் ஒட்டும், கார்வாக்ராலும் தைமாலும் தோலையும் உள்சவ்வையும் எரிக்கக் கூடியது. அதே மாதிரி நேரா தோல்லயும் தேய்க்காதீங்க, சிலருக்கு கொப்பளமே வரும், ஒரு தடவ அலர்ஜி வந்தா அப்புறம் சின்ன அளவுக்கே வரும்.

இந்த மாதிரி பொருள முறையா எப்படி பயன்படுத்தறாங்கன்னு தெரியணும்னா லிஸ்டரின் மாதிரி வாய் கொப்பளிக்கற பாட்டிலோட பின்பக்கம் படிங்க. தைமால் 0.064 சதவீதம்னு இருக்கும், அதாவது ஆயிரத்துல ஒரு பங்கு கூட இல்ல, கூட யூகலிப்டால், மெந்தால், மெத்தில் சாலிசிலேட். வாயில கொஞ்ச நேரம் வச்சு துப்பிடறோம், முழுங்கறதில்ல. கிருமி இருக்கற இடத்துலயே மருந்து நேரா படுது, ரத்தத்துல போய் சேர வேண்டிய அவசியமே இல்ல, அதனாலதான் பல்லுல படியற கிருமிக்கு அது உதவுது. இந்த எண்ணெய்ங்களுக்கு பொருத்தமான வேலை இதுதான்னு நான் நினைக்கறேன், வாய், தோலோட மேற்பரப்பு, சாப்பாடு கெடாம பாத்துக்கறது. தேனீ வளக்கறவங்க கூட்டுல வர்ற வரோவா உண்ணிக்கு தைமால் வைக்கறாங்க, அங்கயும் பாருங்க, ஆவிதான் வேலை செய்யுது.

வயித்துல பூச்சின்னா அதுக்கு அல்பெண்டசோல் மாத்திரை இருக்கு, ஆரம்ப சுகாதார நிலையத்துல கேளுங்க.

அக்கா, ஆறு மாசக் குழந்தைக்கு மூக்கடைப்பு. கற்பூரவல்லிச் சாறு தேன் குழைச்சு நாக்குல தடவலாமா? கற்பூரம் போட்டு ஆவி காட்டலாமா?
– வாசகி, புதுச்சேரி

ரெண்டுமே வேண்டாம்மா, தயவுசெஞ்சு. ஒரு வயசு ஆகற வரைக்கும் தேன் ஒரு சொட்டு கூட குடுக்கக் கூடாது, தேன்ல சில சமயம் இருக்கற கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம்ங்கற பாக்டீரியாவோட வித்து பச்சைக் குழந்தையோட குடல்ல முளைச்சு விஷம் உண்டாக்கும், குழந்தை துவண்டு போயிரும், மூச்சே நிக்கலாம். கொதிக்க வச்ச தேன், மலைத் தேன், நாட்டுத் தேன் எதுவும் விதிவிலக்கு இல்ல. கற்பூரம் உள்ள போனாலோ தோல் வழியா அதிகமா ஏறினாலோ குழந்தைக்கு வலிப்பு வரும், நீலகிரித் தைலமும் அப்படித்தான், மூக்குகிட்ட தடவறதும் ஆபத்து. டாக்டர் சொல்ற உப்புத்தண்ணி சொட்டு மருந்து மூக்குல விடுங்க, தாய்ப்பால் அடிக்கடி குடுங்க. பால் குடிக்க முடியாம திணறினா உடனே ஆஸ்பத்திரிக்கு தூக்கிட்டு போங்க.

அப்பாவுக்கு இருபது வருஷமா சுகர். கால் பெருவிரல் கிட்ட புண், ஆறவே இல்ல. ஊர்ல ஒருத்தர் கற்பூரவல்லியையும் வல்லாரையையும் அரைச்சு கட்டுனா கிருமி செத்து புண் ஆறிடும்னு சொல்றாரு. தைவான்ல இத மருந்தாவே விக்கறாங்களாமே?
– வாசகர், மதுரை

தைவான் விஷயம் நிஜம், அத முழுசா சொல்றேன், ஏன்னா பாதி கதை கேட்டுட்டு பச்சிலை கட்டி விரலை இழந்துடக் கூடாது.

ஓஎன்101னு ஒரு க்ரீம். நம்ம கற்பூரவல்லியிலேர்ந்து எடுத்த ஒரு குறிப்பிட்ட பகுதியும் வல்லாரையிலேர்ந்து எடுத்த ஒரு பகுதியும் சேர்ந்தது. சர்க்கரை நோயாளிங்க 236 பேருக்கு, பாதிப் பேருக்கு இந்த க்ரீம், மீதிப் பேருக்கு ஈரத்த உறிஞ்சற நல்ல டிரஸ்ஸிங்னு பிரிச்சு 16 வாரம் பாத்தாங்க, 2021ல அந்த முடிவு வெளியாச்சு. க்ரீம் போட்டவங்கள்ல 60.7 சதவீதம் பேருக்கு புண் முழுசா மூடுச்சு, டிரஸ்ஸிங் மட்டும் இருந்தவங்கள்ல 35.1 சதவீதம். அந்த வருஷமே தைவான் அரசு மருந்தா அனுமதி குடுத்தாங்க. நம்ம வீட்டுத் தொட்டியில நிக்கற செடி இவ்ளோ தூரம் போயிருக்குன்னு படிச்சப்ப எனக்கு அப்படி ஒரு பெருமை.

ஆனா அந்த மருந்து வேலை செய்யறது கிருமிய கொன்னு இல்லங்க. ஆறாத சுகர் புண்ணுல மேக்ரோஃபேஜ்ங்கற வெள்ளணுக்கள் சண்டை போடற நிலையிலயே மாட்டிக்கிட்டு நிக்கும், பழுது பாக்கற நிலைக்கு மாறாது, வீக்கம் தணியாது, புதுத் தசை வளராது. இந்த க்ரீம் அந்த மேக்ரோஃபேஜோட சமநிலைய மாத்துது. அந்த சோதனையில சேத்தவங்களுக்கு புண்ணு முதல்லயே சுத்தம் பண்ணி, நோய்த்தொற்று இல்லன்னு பாத்து, காலுக்கு ரத்த ஓட்டம் போதுமான்னு பாத்துதான் சேத்தாங்க. அரைச்ச பச்சிலையில அந்த பகுதி எவ்ளோ இருக்கும்னு கணக்கே கிடையாது, அம்மிலயும் இலை மேலயும் இருக்கற மண்ணும் கிருமியும் நேரா புண்ணுக்குள்ள போகும். மண்ணுல டெட்டனஸ் வித்து இருக்கும்னு சொல்லியா தெரியணும்.

அப்பாவ இந்த வாரமே கூட்டிட்டு போங்க. புண்ணுல எலும்பு தெரியுதா, கால் சில்லுனு இருக்கா, வாடை வருதா, சுத்தி செவந்து போயிருக்கான்னு அவங்க பாப்பாங்க, செத்த சதைய எடுப்பாங்க, அந்த இடத்துல உடம்பு எடை விழாத மாதிரி செருப்பு மாத்துவாங்க. சுகர் புண்ணு ஆறறதுல பாதி அந்த செருப்புலதான் இருக்கு. தயவுசெஞ்சு தள்ளிப் போடாதீங்க.

அம்மா, நீங்க சொல்றத பாத்தா சித்தர்கள் சொன்னதெல்லாம் வீண்னு ஆகுது. வெள்ளைக்காரன் பாட்டில்ல போட்டாதான் மருந்தா?
– ஓய்வு பெற்ற ஆசிரியர், தஞ்சாவூர்

ஐயா, உங்க கோபம் எனக்கு புரியுது, நான் அப்படி நினைக்கவே இல்ல. சீனாவுல து யோயோன்னு ஒரு அம்மா, மலேரியாவுக்கு மருந்து தேடினாங்க. பழைய வைத்தியக் குறிப்புகள்லேர்ந்து ஒரு செடிய எடுத்தாங்க, முதல்ல நல்லா வந்த ரிசல்ட் அடுத்தடுத்து வரல. நாலாம் நூற்றாண்டு வைத்தியர் கோ ஹோங் எழுதி வச்சத திரும்ப படிச்சாங்க, அவர் செடிய தண்ணில ஊற வச்சு பிழிஞ்சு குடிக்கச் சொன்னாரே தவிர காய்ச்சச் சொல்லல. அப்ப சூடுதான் மருந்த கெடுக்குதோன்னு தோணி, ரொம்ப கம்மியான சூட்டுலயே கொதிக்கற ஈத்தர்ல எடுத்தாங்க, 1971ல எலிகள்ல மலேரியா கிருமி முழுசா அழிஞ்சுது. அடுத்த வருஷம் அந்த மருந்துப் பொருள், ஆர்ட்டிமிசினின், தனியா கிடைச்சுது. 2015ல நோபல் பரிசு. அந்த பழைய வைத்தியர் எழுதின ஒரு சின்ன விவரத்த மதிச்சதாலதான் அது கிடைச்சுது, மதிச்சதோட நிக்காம சோதிச்சும் பாத்ததாலதான் அது லட்சக்கணக்கான உயிரக் காப்பாத்துச்சு.

நம்ம ஊர்லயும் இலைய வாட்டி பிழியணும், இடிச்சு பிழியணும், குடிநீரா காய்ச்சணும், தைலமா இறக்கணும்னு ஒவ்வொண்ணுக்கும் தனித்தனி பக்குவம் சொல்லி வச்சிருக்காங்கல்ல, அந்த கோவை மாணவர் கரைப்பான மாத்தி மாத்திப் பாத்தது அதே விஷயம்தான். அந்த பக்குவத்த விட்டுட்டு, அளவையும் விட்டுட்டு, "இயற்கை, அதனால எல்லாத்துக்கும் கேக்கும்"னு பாட்டில்ல அடைச்சு விக்கறவங்க மேலதான் என் கோபம். 2019ல மட்டும் மருந்துக்கு அடங்காத பாக்டீரியாவால நேரடியா 12.7 லட்சம் பேர் உலகத்துல செத்திருக்காங்கன்னு கணக்கு போட்டிருக்காங்க. புது மருந்து வேணும் ஐயா, செடியிலேர்ந்து வந்தா எனக்கு இன்னும் சந்தோஷம், ஆனா தட்டுல விழுந்த வட்டத்த காட்டி மருந்துன்னு சொன்னா நம்பி வர்ற நோயாளிக்கு அது பண்ற துரோகம்.

எங்க வீட்டுக் கற்பூரவல்லிக்கு வாசனையே இல்ல. இலை பெருசா தளதளன்னு இருக்கு. ஏன் மேடம்?
– வாசகி, திருச்சி

நிழல்ல வச்சு தினமும் தண்ணி ஊத்தறீங்கன்னு நினைக்கறேன். இலை ஊதிப் போகும், எண்ணெய் கம்மியா இருக்கும். வெயில் படற இடத்துக்கு மாத்துங்க, மண்ணோட மணல் கலந்து விடுங்க, மேல் மண்ணு காஞ்ச பிறகு மட்டும் தண்ணி விடுங்க, இல்லன்னா வேரும் அழுகிடும். செடிக்கு செடி எண்ணெய் மாறும், சிலதுல கார்வாக்ரால் தூக்கலா இருக்கும், சிலதுல தைமால், அதனால பக்கத்து வீட்டுல நல்லா மணக்கற செடி இருந்தா ஒரு கொம்பு ஒடிச்சு நட்டு வைங்க, அதோட குணம் அப்படியே வரும். நுனியில ரெண்டு ஜோடி இலைய விட்டுட்டு கீழ வெட்டினா பக்கக் கிளை வரும். பஜ்ஜிக்கு கொஞ்சம் முத்தின இலை, ரசத்துக்கு இளசு.